அறிவு முதலாகுங் காலமும் தாய்மொழியும்

கல்விச் சீர்திருத்தம் என்னுஞ் சொல் நம் நாட்டில் அடிபடாத நாளில்லை. சட்டசபையில் அமர்ந்தோர் அதனைப் பேசுகின்றனர். செய்தித்தாள்கள் அதனைப் பத்தி பத்தியாக எழுதுகின்றன. பல்லாவரத்தில் மின்சார ரயிலேறித் தாம்பரத்தில் இறங்குவதற்குள், பெட்டியின் உட்புறத்து ஒட்டப்பெற்ற விளம்பரங்களும், மூன்று திங்களிற் கணினித் திறன், ஆறு திங்களில் உத்தியோகம் என்று, தமக்குத் தெரிந்த முறையில் அச்சீர்திருத்தத்தையே ஓதுகின்றன. இவ்வாரவாரத்தின் நடுவே, தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயிலும் மாணாக்கன் ஒருவன் தன் கருத்தைக் கூற முற்படுதல் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம் வீட்டிற்கு வந்த பெரியப்பாவுக்கும் அவ்வாறே நகை வந்தது. "தமிழா எடுத்திருக்கிறாய்? நல்லது. அதற்குப் பிறகு?" என்றார். அவர் கேட்டதிற் பிழையில்லை. என்னிடத்து அன்றைக்கு விடையில்லாதிருந்ததே பிழை. பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். இக்கட்டுரை, காலந் தாழ்த்தி யான் அவர்க்குத் தரும் விடையென்று கொள்க.

இக்காலத்துப் பொருளாதாரத்தை 'அறிவுப் பொருளாதாரம்' என்று வழங்குகின்றனர். பீட்டர் டிரக்கர் என்னும் அறிஞர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இக்கருத்தைப் பலரறியச் செய்தார். முன்னாளில் நிலமுடையான் செல்வனாயினான். பின்னாளில் ஆலையுடையான் செல்வனாயினான். இனி, தான் அறிந்ததைப் பிறர்க்குப் பயன்படும் உருவில் ஆக்கவல்லானே செல்வனாவான் என்பது அதன் சாரம். இதனை விளங்கிக்கொள்ளப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. 1984ஆம் ஆண்டில் நம் தாம்பரத்தில் ஏற்றுமதித் தொழில் வளாகம் எழுந்தது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகள் முளைத்தன. பல்லாவரத்தினின்று துரைப்பாக்கம் செல்லும் 200 அடிச் சாலையிற் காலை எட்டு மணிக்கு நின்று நோக்குவோர், கழுத்திற் பட்டையணிந்த இளைஞர் நிறைந்த பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்வதைக் காண்பர். அவர் தலையினுள் இருப்பதே அவ்வண்டிகள் ஏற்றிச் செல்லுஞ் சரக்கு.

ஆதலின் கல்வியும் மாறவேண்டும் என்கின்றனர். மாறவேண்டுவது உண்மையே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பட்டப் படிப்பை நான்காண்டாக நீட்டவும், ஓராண்டிற் சான்றிதழ், ஈராண்டிற் பட்டயம், மூவாண்டிற் பட்டம் என இடையிடையே வெளியேறவும் வழி வகுத்தது. உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2035ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கு 50 ஆகவேண்டும் எனவும் குறித்தது. நம் மாநில அரசு அக்கொள்கையை ஏலாது, தனிக்கொள்கை வகுக்க நீதியரசர் முருகேசன் தலைமையில் 2022ஆம் ஆண்டிற் குழுவொன்றை அமைத்தது. அவ்வாண்டிலேயே திறன் பயிற்சிக்கென 'நான் முதல்வன்' திட்டமும், அரசுப் பள்ளியிற் பயின்ற பெண்கள் உயர்கல்வி பெறுங்கால் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமும் தொடங்கப்பெற்றன. இவற்றுள் எவர் பக்கம் நியாயம் என்னும் அரசியல் வழக்கினுள் யான் புகவில்லை. ஒன்று மட்டுங் கூறுவேன். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளோரைக் கொண்டு கணக்கிட்ட சேர்க்கை விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4, தமிழ்நாட்டிற்கு 47. பிற மாநிலங்கள் எட்டக் கனவு காணும் இடத்தில் நாம் ஏறக்குறைய வந்து நிற்கின்றோம். வாயில் திறந்தாயிற்று. உள்ளே வந்தவர் பெறுவது யாது?

என் வகுப்பு நண்பன் ஒருவனைப் பற்றிக் கூறுகின்றேன். அவன் இசைவு பெற்றே எழுதுகின்றேன். அவன் அனகாபுத்தூர் நெசவாளர் குடியிற் பிறந்தவன். பள்ளிக்கல்வி முழுமையும் தமிழிற் பெற்றவன். இலக்கண வகுப்பில் எங்களெல்லார்க்கும் முன்னவன். சென்ற ஆண்டில் எங்கட்கு ஒரு திறன் பாடம் வந்தது. அதனை நடத்தினார் எவர் என்பது இங்கு வேண்டா. கணினியில் விரிதாளைக் கொண்டு கணக்குகளை ஒழுங்குபடுத்துங் கலை அது. பாடங்கள் யாவும் ஆங்கிலத்திற் பதிவு செய்யப்பெற்ற படங்கள். பேசுவோர் வேகம் கூவம் பாலத்தில் விரையும் ரயிலின் வேகம். நண்பன் முதற் படத்தை நான்கு முறை பார்த்தான். ஐந்தாம் முறை பார்க்கவில்லை. தேர்வுக்கு முந்திய இரவில் வினாக்களும் விடைகளும் யாரோ அனுப்பக் கைப்பேசியில் வந்தன. அவற்றை அவன் நன்னூற் சூத்திரத்தை நெட்டுருப் பண்ணுவதுபோலப் பண்ணினான். நூற்றுக்கு 88 மதிப்பெண் பெற்றான். பொன்னிறக் கரையிட்ட சான்றிதழும் வந்தது. அதனை அவன் தாயார் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கின்றனர். "அந்தப் பக்கம் பார்க்கவே கூச்சமாயிருக்கிறது" என்று என்னிடம் கூறினான்.

அவன் சோம்பலுடையவனல்லன், அறிவிற் குறைந்தவனுமல்லன். ஆயின், புள்ளிவிவர ஏட்டில் அவன் 'திறன் பெற்றோர்' வரிசையில் ஓர் எண்ணாக நிற்கின்றான். அறிவே முதல் என்னுங் காலத்தில் அவனுக்கு நாம் அளித்தது முதலன்று; முதல் அளித்ததாக எழுதிய ரசீது.

இந்நிலை புதிதென்று எண்ணற்க. உயர்கல்வியைத் திருத்துகின்றோம் என்று புறப்பட்டோர் தாய்மொழியின் மேற் கைவைத்தது நம் கலாசாலையின் வரலாற்றிலேயே இருமுறை நிகழ்ந்தது. 1902ஆம் ஆண்டிற் சென்னைச் சர்வகலாசாலையிற் தாய்மொழிப் பாடங்களை நீக்கிச் சமஸ்கிருதத்தை வைக்கும் எண்ணம் எழுந்தபோது, அக்காலத்தில் ஜார்ஜ் டவுனிலிருந்த நம் கிறிஸ்தவக் கலாசாலையின் தமிழாசிரியராகிய பரிதிமாற்கலைஞர் அதனைக் கடிந்து எதிர்த்தார்; பூரணலிங்கம் பிள்ளையவர்களும் அவரோடு நின்றார். எண்ணம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, முப்பத்து மூன்றாம் வயதில், பரிதிமாற்கலைஞர் காலமானார்.

இரண்டாம் முறை வெற்றி கிட்டவில்லை. கர்ஸன் பிரபுவின் காலத்தில் 1904ஆம் ஆண்டில் இந்தியச் சர்வகலாசாலைச் சட்டம் பிறந்தது. சர்வகலாசாலைகளை ஒழுங்குபடுத்தி அவற்றின் தரத்தை உயர்த்துவதே அதன் நோக்கம் என்றனர். அதில் நன்மையே இல்லையென்று கூற யான் துணியேன். அதன்பின் வந்த புதிய பாட விதிகளில், மேல்வகுப்புகளில் தமிழ் கட்டாயம் என்பது போய் விருப்பம் என்றாயிற்று. விருப்பமென்று விட்டபின் வேலை தேடும் மாணாக்கன் எதனை விரும்புவான்? வகுப்புகள் சுருங்கின, தமிழாசிரியர்க்கு வேலை குறைந்தது. 1898ஆம் ஆண்டு முதல் நம் கலாசாலையிற் தமிழ் கற்பித்த வேதாசலம் பிள்ளை என்பார் 1911ஆம் ஆண்டில் வேலையினின்று விலகினார். பிற்காலத்தில் மறைமலையடிகள் என்று நாடறிந்த பெரியார் அவரே.

விலகியவர் எங்கே சென்றார்? யான் நாள்தோறும் ரயிலேறும் பல்லாவரத்திற்கே வந்தார். அங்கே வீடமைத்து, கழகம் நிறுவி, அச்சுக்கூடமும் வைத்து, 1950ஆம் ஆண்டில் உயிர் நீங்கும் வரை நூலெழுதிக் கொண்டேயிருந்தார். ஏறக்குறைய 4000 நூல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகசாலையொன்று கண்டார். அவை பின்னர் 1958ஆம் ஆண்டிற் சென்னை லிங்கிச்செட்டித் தெருவில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்திற்கு முதலாயின. வேதாசலம் மறைமலை ஆயினது போல, 1902ஆம் ஆண்டு முதல் அவர் நடத்திய 'ஞானசாகரம்' என்னும் பத்திரிகையும் 'அறிவுக்கடல்' ஆயிற்று. 1916ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியைப் பற்றிப் பலவாறு கருதலாம். எனக்கு முழு உடன்பாடில்லை. இக்கட்டுரையை அவர் காணின், 'கலாசாலை' என்னுஞ் சொல் வரும் இடந்தோறும் என்னைக் கடிந்திருப்பார். ஆயினும் இன்று நாம் 'தேர்வு' என்றும் 'நூலகம்' என்றும் கூசாது எழுதுவதற்கு, அவரைப் போன்றோர் நட்ட வித்தே காரணம் என்பதை எவர் மறுப்பர்?

இங்கே யான் குறிக்க விரும்புவது அவர் தூய்மைக் கொள்கையையன்று. அவர் எடுத்துக்கொண்ட பொருள்களை. முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதியவர், காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர், அவ்வளவில் நின்றாரல்லர். மேனாட்டார் அக்காலத்து ஆராய்ந்த துயிலூட்டும் கலையை 'அறிதுயில்' என்னும் பெயரால் எழுதினார். பொருந்தும் உணவு எது, பொருந்தா உணவு எது என்று எழுதினார். நூறாண்டு வாழ்தற்கு வழி எழுதினார். ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார். அவற்றுட் சில இன்றைய விஞ்ஞானத்தின்முன் நில்லா. தொலைவிலுள்ளார் கருத்தை உணர்தல் பற்றிய நூலை இன்று நம்புவார் அரியர். அது பெரிதன்று. உலகில் எங்கே புதிதாய் ஓர் அறிவு எழுந்தாலும் அதனைப் பல்லாவரத்துத் திண்ணையிலிருப்பவனும் தன் மொழியிற் படித்து, உடன்பட்டோ மறுத்தோ பேசவேண்டும் என்று அவர் கருதினாரே, அதுவன்றோ பெரிது! தமிழாசிரியர்க்கு வேலையில்லை என்ற காலத்தில் தமிழாசிரியன் செய்யத்தக்க வேலை எது என்பதை அவர் செய்துகாட்டினார். சைவப் பெருமகனாராகிய அவர்க்குப் பதின்மூன்றாண்டு பணியளித்தது ஒரு கிறிஸ்தவக் கலாசாலை என்பதும் எனக்கு மகிழ்ச்சி தருவது.

நூறாண்டு கழிந்தது. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரு பொறியியற் பிரிவுகளைத் தமிழ்வழியிற் தொடங்கியபோது நல்லதொரு காலம் வந்ததென்று பலரும் எண்ணினர். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் அத்தமிழ்வழி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. சேர்வார் குறைந்தனர் என்பதே கூறப்பட்ட காரணம். எதிர்ப்பு எழவே, அறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. மீட்டது நன்றே. ஆயின் சேர்வார் ஏன் குறைந்தனர் என்பதன்றோ வினா? பயிற்றுமொழியைத் தமிழாக்கிவிட்டுப் பாடநூல்களையும், பயிற்சிக் கருவிகளையும், வேலை தருவோர் நேர்காணலையும் ஆங்கிலத்திலேயே விட்டால், அவ்வகுப்பு நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவன்றி வேறென்ன? தீவிற்குப் பாலமிடாமல், 'இங்கு குடியேறுவார் இல்லை' என்று கூறுதல் எளிது. 1911ஆம் ஆண்டிற் கேட்ட அதே காரணம் 2023ஆம் ஆண்டிலும் கேட்டது.

'ஆங்கிலம் உலகமொழி, விஞ்ஞானம் அதில் வளர்கின்றது, தமிழிற் கற்றவன் தாம்பரத்தைத் தாண்டமாட்டான்' என்பார் உளர். ஆங்கிலம் வேண்டா என்று யான் கூறவில்லை. இக்கட்டுரைக்கு வேண்டிய செய்திகளுட் பாதி ஆங்கிலத்திற் படித்தவையே. ஆனால் அறிவு எம்மொழியில் இருக்கின்றதோ அம்மொழி வழங்கும் இடத்திலேயே அது தங்கும் என்பதை நூற்றைம்பதாண்டிற்கு முன்னரே உணர்ந்த ஒருவர் வரலாறு உண்டு. அவர் தமிழருமல்லர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். உள்ளூர் இளைஞர்க்கு மேல்நாட்டு வைத்தியத்தை முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டணங்களையும் நாடிச் செல்லக் கண்டார். கிராமத்தில் நோயாளர் இருந்தபடியே இருந்தனர். ஆதலின் 1864ஆம் ஆண்டளவிற் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். பாடநூல் இல்லை. கலைச்சொல் இல்லை. அவரே தமிழ் கற்று, உதவி செய்வாரைக் கூட்டி, உடலமைப்பு நூலை 'அங்காதிபாதம்' என்றும், அறுவை வைத்தியத்தை 'இரணவைத்தியம்' என்றும், இரசாயனத்தைக் 'கெமிஸ்தம்' என்றும் பெயரிட்டு ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழில் வெளியிட்டார். அவர் பயிற்றிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவருட் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர். 'கெமிஸ்தம்' என்னுஞ் சொல் இன்று நமக்கு நகை விளைக்கலாம். நகைப்பவர் அதனினுஞ் சிறந்த சொல்லொன்றைத் தாளில் எழுதி, நோயாளியின் கட்டிலருகே கொண்டுசென்று பயன்படுத்திக் காட்டிய பின்னர் நகைக்கட்டும்.

கிறீன் கண்ட உண்மைக்கு மறுபுறத்தையும் நம் ஊரே காட்டுகின்றது. குரோம்பேட்டை என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? தோலைக் குரோமிய உப்பினாற் பதனிடும் ஆலையிலிருந்து. ஆவாரம்பட்டையிட்டு வாரக்கணக்கிற் பதனிட்ட தொழிலை ஒருசில நாட்களில் முடிக்கும் புதிய இரசாயன முறையைச் சென்னையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியற் பேராசிரியர். அதன்பின் குரோம் தோல் ஆலை பல்லாவரத்தருகே எழுந்தது. 1948ஆம் ஆண்டில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. கலாசாலையிற் பிறந்த அறிவு ஆலையிற் புகுந்து செல்வமாயிற்று. 'அறிவுப் பொருளாதாரம்' என்னும் பெயர் வருமுன்னரே நமக்கு அப்பொருள் வந்துவிட்டது எனலாம்.

என் தாத்தா இப்பக்கத்துத் தோலாலை ஒன்றில் இருபதாண்டு உழைத்தவர். தொட்டியில் எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர், எத்தனை மணி நேரம் என்பன அவர் கைக்குத் தெரியும்; இருளிலும் தோலைத் தடவிப் பார்த்துப் பதங் கூறுவார். அந்நீர் வெளியே சென்று கிணற்றிற் சேர்ந்தால் யாது விளையும் என்பதை அவர்க்கு எவரும் கூறவில்லை. அது ஆங்கில ஏடுகளில் இருந்தது. கிணறுகள் கெட்டன. 1990களிற் கழிவுநீரைச் சுத்தி செய்யும் பொது நிலையம் வந்தது. 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் செங்கை மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோலாலைகளைக் குறித்துக் கடுந்தீர்ப்பு வழங்கியது. தாத்தா அத்தீர்ப்பைத் தினத்தாளிற் படித்துவிட்டு, "இதையெல்லாம் அப்போதே சொல்லியிருந்தால் எங்களுக்குப் புரியாதா?" என்றாராம். அப்பா பலமுறை இதனைக் கூறக் கேட்டிருக்கின்றேன். கைக்குத் திறனைக் கொடுத்துக் கருத்திற்கு அறிவைக் கொடாத பயிற்சியின் விலையை, நாகல்கேணியிலும் பம்மலிலும் கிணறு வைத்திருந்தோர் செலுத்தினர். இன்று என் நண்பன் பெற்ற திறன் பாடமும் அவ்வகையினதே. தாத்தாவுக்காயினும் கை தேர்ந்திருந்தது; இவனுக்கு அதுவுமில்லை.

ஆதலின் யான் கூறுவது இதுவே: அறிவே முதலென்று கொண்டால், அம்முதலைத் தமிழிற் பெருக்குதலே உயர்கல்விச் சீர்திருத்தத்தின் முதல் வேலையாதல் வேண்டும். தமிழ்ப் பாடத்தைச் சந்தை விலையால் அளந்து சுருக்குவோர், உண்மையிற் சுருக்குவது தமிழையன்று. அறிவைப் பெறக்கூடியோர் தொகையை. தமிழ்வழி வந்த மாணாக்கர் கூட்டம் சிறிதன்று. அவர்க்குப் பிறர் ஆக்கிய கருவியை இயக்குங் கூலியே கிட்டுமாயின், அவர்க்கு இது அறிவுப் பொருளாதாரமன்று. பழைய ஆலையே, கண்ணாடிச் சுவரோடு.

இதுகாறும் பிறரைக் குறை கூறினேன். நம் குற்றத்தையுங் கூறவேண்டும். தமிழ் மாணாக்கராகிய நாம் செய்கின்றது என்ன? பட்டிமண்டபத்திற் தமிழை வாழ்த்துகின்றோம். அடுத்த கட்டடத்தில் இரசாயனம் பயிலும் நண்பன் நாள்முழுதும் என்ன செய்கின்றான் என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை. அறிவியற் கட்டுரையைக் கண்டால், 'அது நம் துறையன்று' என்கின்றோம். தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்த ஊழியக்காரனும் அதனை இழந்தானில்லை, பாதுகாத்தே வைத்திருந்தான். பாதுகாப்பொன்றே போதுமெனின் அவனை எசமான் கடிந்திருக்கமாட்டார். நமக்கு முன்னோர் அப்படியிருந்தாரில்லை. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியாலும் பெரியசாமித் தூரன் அவர்களின் பதிப்பாண்மையாலும் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அதற்கு விஞ்ஞானியரும் தமிழறிஞரும் ஒரு மேசையில் அமர்ந்தனர். 1999ஆம் ஆண்டிற் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் விசைப்பலகைக்கு ஒழுங்கு காணப்பட்டது. எவ்வெழுத்து மிகுதியாய் வரும், எதனை அடுத்து எது வரும் என்பவை விசைப்பலகை அமைப்போர்க்கு வேண்டியவை. அவை நாம் எழுத்ததிகாரத்திற் படிப்பவை அல்லவா? இன்று செயற்கை நுண்ணறிவு எனப் பேசப்படும் இயந்திரங்கட்கும் புணர்ச்சி விதி தெரிந்தவர், சொல்லின் நுட்பம் அறிந்தவர் வேண்டியிருக்கின்றனர். அவை தமிழிற் பிழைபடப் பேசும்போதெல்லாம் நாம் நகைக்கின்றோம். யார் அவற்றைத் திருத்துவார் என்று கேட்பதில்லை.

பெரிய திட்டங்களை வகுத்தல் பெரியோர் செயல். இக்கலாசாலை 1978ஆம் ஆண்டு முதல் தன்னாட்சி பெற்றது; பாடத்திட்டத்தில் நாமே செய்துகொள்ளக்கூடியது சிலவுண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் ஆசிரியப் பெருமக்கள்முன் வைக்கின்றேன். விஞ்ஞான, பொருளாதார வகுப்புகளில் இறுதியாண்டு மாணாக்கர் ஒவ்வொருவரும் ஆய்வேடு ஒன்று எழுதுகின்றனர். அதனோடு நான்கு பக்கத்திற் தமிழ்ச் சுருக்கமொன்றும் இணைக்கவேண்டும் என்றும், அதனை அவர் தமிழ் வகுப்பு மாணாக்கர் ஒருவரோடு கூடி எழுதவேண்டும் என்றும், இருவர்க்கும் அதற்கு மதிப்பெண் உண்டென்றும் விதித்தால் என்ன? தாவரவியலார் தம் பொருளை எமக்கு விளக்கும்போதே அவர்க்கு அது முன்னினும் விளங்கும். எமக்கோ உயிருள்ள கலைச்சொற்கள் கிட்டும். பத்தாண்டில் ஓர் அலமாரி நிறையும். பழைய மாணாக்கரிற் பலர் 200 அடிச் சாலைப் பேருந்துகளிற் செல்வோரே. அவர் திங்களுக்கு ஒரு சனிக்கிழமை வந்து தம் தொழிலைத் தமிழில் எமக்கு விளக்குவாராயின், அதுவும் நன்கொடையே. 'தமிழில் விளக்க வராதே' என்பாராயின், அதற்கே யாம் இருக்கின்றோம்.

விதி வரும்வரை காத்திராமல், நானும் நண்பனும் சென்ற கோடை விடுமுறையில் அவ்விரிதாட் பாடத்தைத் தமிழில் எழுதத் தொடங்கினோம். அவன் வீட்டுத் தறியருகே அமர்ந்தே பெரும்பகுதியை எழுதினோம். அனகாபுத்தூரில் நெய்த துணி முன்னாளில் நைஜீரியா வரை சென்றது. இப்போது தறிகள் சிலவே. விரிதாளின் நிரலும் நிரையும் எவை என்று ஆங்கிலப் படத்தில் அவனுக்கு விளங்காதிருந்தது. 'மேலிருந்து கீழ்ச் செல்வது பாவு, குறுக்கே செல்வது ஊடை' என்று யான் கூறியதும், தறியைத் திரும்பிப் பார்த்தான். பின்னர் என்னைப் பார்த்தான். அவ்வளவுதான். அன்று மாலைக்குள், அவன் தந்தையார் நூல் வாங்கிய கணக்கு, சாயக் கணக்கு, கூலிக் கணக்கு மூன்றையும் அவனே தாளில் ஏற்றிவிட்டான். எந்த மாதத்தில் நட்டம், எதனால் நட்டம் என்பதும் வெளிப்பட்டது. தந்தையார் அதனைக் கண்டு மகிழ்ந்தார் என்று கூற இயலாது. நட்டம் அவருக்கு முன்னரே தெரியும்.

பதினெட்டுப் பக்கம் முடிந்திருக்கின்றது. பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு சொல்லிடத்து நிற்கின்றோம். நீண்ட பட்டியலொன்றை, வேண்டிய வகைப்படி திருப்பிக் கூட்டித் தொகுத்துக் காட்டும் அட்டவணை ஒன்றுண்டு; ஆங்கிலத்தில் அதனைப் 'பிவட் டேபிள்' என்பர். 'சுழல் அட்டவணை' என்றேன் யான். சுழல்வது எதுவும் அதில் இல்லை என்றான் நண்பன். 'அச்சு அட்டவணை' என்றால் அச்சுக்கூடம் நினைவிற்கு வருகின்றது. 'மடக்கட்டவணை' என்று அவன் கூறுகின்றான். நெய்த சேலையை வேண்டிய பக்கம் வெளித்தெரிய மடித்து வைப்பதுபோல என்பது அவன் கருத்து. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. இதனைப் படிக்கும் அன்பர்களுள் எவர்க்கேனும் பொருந்திய சொல்லொன்று தோன்றுமாயின், தமிழ்த்துறைக்கு ஒரு வரி எழுதியனுப்ப வேண்டுகின்றோம்.